பாக்கா, வைரஸா?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் பி.காம். முடித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஒரு கடன் விண்ணப்பத்தைப் பார்த்து இது தேறும், தேறாது என்று சொல்லத் தெரியும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எதுவும் சொல்லத் தெரியாது. இருந்தும் போன ஒன்றரை வருடமாக வாய்ப் புற்றுநோயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்க வைத்தது என் மச்சினன்.

என் மனைவியின் தம்பி. வயது 41. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, கல்யாண வீட்டில் சீட்டுக் கச்சேரி நடந்தால் அந்தப் பக்கமே வர மாட்டான். அவனுக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. "உடம்புச் சூடு" என்றார்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. பல் உரசுகிறது என்று ஒரு பல் டாக்டர் பல்லை ராவிவிட்டார். இப்படியே பத்து வாரம் போய்விட்டது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொன்னார். கேன்சர்.

பெங்களூருக்குக் கூட்டி வந்துவிட்டோம். காக்ஸ் டவுனில் எங்கள் இரண்டு பெட்ரூம் வீட்டில் ஒரு ரூம் அவனுக்கும் அவன் மனைவிக்கும். நாக்கில் ஒரு பகுதியை எடுத்து, முன்கையிலிருந்து சதை எடுத்து ஒட்டி, கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டாம். எங்கள் வீட்டு மிக்ஸி அந்த ஆறு வாரத்தில் ஓடியதுபோல் எந்த வருடமும் ஓடியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாளோ என்னவோ, குடும்ப வாட்ஸப் குழுவில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு உறவுக்காரப் பையன் ஒரு செய்தியை அனுப்பினான். வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமாம், எச்.பி.வி. என்று பெயராம், அது எப்படித் தொற்றுகிறது என்று பச்சையாக நாலு வரி, கூடவே ஹாலிவுட் நடிகர் மைக்கேல் டக்ளஸ் 2013-ல் தன் நோயைப் பற்றிச் சொன்னது. "கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லாதவங்களுக்கு இதனாலதான் வருதாம்" என்று கீழே ஒரு குறிப்பு. அவன் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஆனால் குழுவில் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு பேரும் படித்தார்கள், ஒருத்தரும் பதில் போடவில்லை. ஊரில் இருந்து போன் வருவது குறைந்தது. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, மடித்த துணியோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்த மச்சினன் மனைவி என்னைக் கேட்டாள்: "அண்ணா, அந்த மெசேஜ் நிஜமா?"

நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? "நாளைக்கு டாக்டரைக் கேக்குறேம்மா" என்றேன். அந்த நாளைக்குத்தான் என் படிப்பு ஆரம்பித்தது.

டாக்டர் ஐம்பது வயது அம்மா. கன்னடக்காரர். சென்னையில் கொஞ்ச காலம் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "முதல் நாள் கேஸ் ஷீட் எழுதும்போது என்ன சொன்னார் இவர், ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றோம். அவர் விடாமல் "அடிக்கே? பாக்கு?" என்று கேட்டார். மச்சினன் சாதாரணமாக, "சீவல் போடுவேன் டாக்டர். சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தலையோட. ஸ்டாஃப் ரூம்ல வாசனைப் பாக்குப் பொட்டலம். புகையிலை தொட்டதே இல்லை" என்றான். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம்? ஆறு, ஏழு. எத்தனை வருடமாக? காலேஜ் நாளிலிருந்து.

பதினாறு வருடமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவன் நீட்டிய பொட்டலத்திலிருந்து நானே இரண்டு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை ஒரு பழக்கம் என்று நாங்கள் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு வெற்றிலை பாக்கு பழக்கமா? சாம்பார் பழக்கம் என்று யாராவது சொல்வார்களா? என் பாட்டியின் வெற்றிலைச் செல்லம் இன்னும் எங்கள் ஊர் வீட்டு அலமாரியில் பித்தளை மின்ன உட்கார்ந்திருக்கிறது.

லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒன்று இருக்கிறது. எந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஆதாரம் பார்த்துத் தரம் பிரிப்பது அதன் வேலை. புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985-லேயே அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. 2003-ல் கூடிய அதன் குழு இன்னொரு படி மேலே போய், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், ஏன், வெறும் பாக்குமே மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பிரிவு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? புகையிலை கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்றும் எல்லோருக்கும் தெரியும்!

சரி, வைரஸ்? அது கட்டுக்கதையா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வைரஸால் புற்றுநோய் வரும் என்பது பழைய சங்கதி. 1911-ல் பெய்டன் ரூஸ் என்ற அமெரிக்கர் கோழிகளில் காட்டினார்; நம்பாமல் இழுத்தடித்து 1966-ல்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள். கல்லீரல் புற்றுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் உள்ள உறவு நமக்குத் தெரியும். கருப்பை வாய்ப் புற்றுக்கு எச்.பி.வி.தான் காரணம் என்று நிறுவியதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹாவ்ஸன் 2008-ல் நோபல் வாங்கினார். அந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள். அதில் 16, 18 என்ற இரண்டும்தான் பெரிய ரவுடிகள். இவை செல்லுக்குள் புகுந்து இரண்டு புரதங்களை உற்பத்தி செய்யும். நம் செல்லுக்குள் "போதும், இனி பெருகாதே" என்று பிரேக் போடும் காவல்காரர்கள் இருவர் உண்டு. அந்த இருவரையும் இந்தப் புரதங்கள் செயலிழக்கச் செய்துவிடும். பிரேக் போன லாரி மாதிரி செல் பெருகும்.

இதே வைரஸ் தொண்டைக்கும் வரும் என்பது 2000-க்குப் பிறகு உறுதியாகிவிட்டது. அமெரிக்காவில் தொண்டையின் மேல்பகுதியில், அதாவது டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் வரும் புற்றுநோயில் பத்துக்கு ஆறு ஏழு இதனால்தான் என்கிறார்கள். பிரச்சினை எங்கே என்றால், பேப்பர்காரர்களும் வாட்ஸப்காரர்களும் டான்சிலையும் கன்னத்தையும் நாக்கு நுனியையும் ஒன்றாகப் போட்டு "வாய்ப் புற்றுநோய்" என்று எழுதிவிடுகிறார்கள். டாக்டர் கண்ணாடியைக் காட்டச் சொல்லிப் புரியவைத்தார். கண்ணாடியில் வாயைத் திறந்தால் தெரிகிற கன்னம், ஈறு, நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, நாக்குக்கு அடியில் இருக்கும் தரை இதெல்லாம் வாய். அதற்குப் பின்னால் இருப்பது தொண்டை. டான்சிலில் குழி குழியாக, மெல்லிய தோலோடு இருக்கும் இடம் வைரஸுக்குக் குடியிருக்க வசதி. கன்னமும் நாக்கின் ஓரமும் அப்படி இல்லை.

2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 29 நாடுகளிலிருந்து 3,680 நோயாளிகளின் சதைத் துணுக்குகளைச் சோதித்தார்கள். தொண்டைப் புற்றில் நூற்றுக்குச் சுமார் 22 வைரஸ் கணக்கில் வந்தது. வாய்ப் புற்றில் நூற்றுக்கு நாலுதான். இந்தியாவில் நடந்த சின்னச் சின்ன ஆய்வுகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றில் வைரஸே இல்லை என்பார்கள், இன்னொன்றில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது என்பார்கள். எந்த டெஸ்ட் செய்தார்கள், எந்த இடத்துச் சதையை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. வைரஸின் டி.என்.ஏ. இருந்தது என்பது மட்டும் போதாது. எங்கள் பாஷையில் சொன்னால், பிராஞ்ச் விசிட்டர் ரிஜிஸ்டரில் ஒருவன் கையெழுத்து இருப்பதால் அவன்தான் லாக்கரைத் திறந்தான் என்று ஆகிவிடாது. சாவியில் கைரேகை வேண்டும். அந்த இரண்டு புரதங்களையும் செய்யச் சொல்லி வைரஸ் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும் நுட்பமான டெஸ்ட்தான் கைரேகை. அதை வைத்துப் பார்க்கும்போது வாய்க்குள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிடுகிறது.

ஆனாலும் ஒரு கூட்டம் மிச்சம் இருக்கிறது. புகையிலை, பாக்கு, குடி எதுவும் இல்லாமல் நாற்பதுக்குள்ளேயே நாக்கில் புற்று வருகிறவர்கள். பல நாடுகளில் இவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. வைரஸாக இருக்குமோ என்று தேடினால் பெரும்பாலும் அகப்படுவதில்லை. காரணம் இன்னும் பிடிபடவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பேங்க்காரனுக்கு இது நன்றாகவே புரியும். நாள் கணக்கை முடிக்கும்போது எந்தத் தலைப்பிலும் அடங்காத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். போட்டு வைப்பதில் தப்பில்லை. ஆனால் தலைப்பு நன்றாகத் தெரிந்த தொகையையும் சோம்பேறித்தனத்தில் அதிலேயே தள்ளினால் ஆடிட்டில் மாட்டுவோம். வைரஸ் என்ற சொல்லை நம் ஆட்கள் இப்போது அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். பாக்குக்கும் புகையிலைக்கும் நேராக எழுத வேண்டிய பற்றை வைரஸ் என்ற சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். என் மச்சினன் கேஸில் நடந்தது அதுதான். பாக்கைக் கெட்ட பழக்கம் என்று யாரும் நினைக்காததால், நடத்தையில் கெட்ட பழக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கோபத்தில்தான்.

ஒரு பேச்சுக்கு வைரஸ்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது யாருடைய நடத்தைச் சான்றிதழும் இல்லை. எச்.பி.வி. அநேகமாக எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகிற வைரஸ். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருடம் கழித்துத் தொல்லை கொடுக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. நேர்மையாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் வரும். ஒரு முரண் பாருங்கள்: தொண்டைப் புற்று வந்தவர்களில் வைரஸால் வந்தவர்கள்தான் சிகிச்சையில் நன்றாகத் தேறுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில் மூன்று வருடம் கழித்து வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57 பேர்தான். நம் ஆட்கள் எதை அவமானம் என்கிறார்களோ, அந்த நோயாளிக்கு டாக்டர் கொஞ்சம் தைரியமாகப் பேச முடிகிறது.

டாக்டர் சொன்னதை அன்று ராத்திரியே மச்சினன் மனைவியிடம் சொன்னேன். "இவனுக்கு வந்த இடத்துல வைரஸ் ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. இருபது வருஷப் பாக்குதான் நேரா நிக்குது. அப்படியே வைரஸா இருந்தாலும் யாரையும் சந்தேகப்பட அதுல ஒண்ணும் இல்ல." அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சீவல் பொட்டலத்தை நான்தான் அண்ணா மாசா மாசம் மளிகை லிஸ்ட்ல எழுதுவேன்" என்றாள். ஒரு பழியை இறக்கிவைத்தால் இன்னொன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள் நம் பெண்கள்.

நம் மண்ணில் இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1902-லேயே மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருந்த நிப்ளாக் என்ற வெள்ளைக்கார சர்ஜன், கன்னத்தில் புற்று வந்தவர்கள் வெற்றிலை போடுகிறவர்கள் என்று எழுதி வைத்தார். 1933-ல் ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்று பற்றி லான்செட் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அவர் வேலை பார்த்த நெய்யூர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. நாம் வெளியூர் போனாலும் இது கூடவே வந்தது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய் உள்ளே நார் நாராக இறுகி, இரண்டு விரல்கூட நுழையாமல் போகிற ஒரு நோய் உண்டு. புற்றுக்கு முந்திய ஸ்டேஷன் அது. அதை 1952-ல் முதன்முதலில் மருத்துவ உலகத்துக்குச் சொன்னவர் பார்த்த நோயாளிகள் கென்யாவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்கள். மலேசியாவில் வாய்ப் புற்று அதிகம் வருவது அங்கே இருக்கும் இந்தியர்களுக்கு. அவர்களில் தோட்டத்துக்குப் போன நம் தமிழ் ஜனம்தான் அதிகம். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவின் பெட்டியில் சீவல் பாக்கெட் வரவழைக்கிறீர்கள்? நானும் வரவழைத்தவன்தான், கேட்கிற உரிமை இருக்கிறது.

இன்னொரு கணக்கு. 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் வாய்ப் புற்று புதிதாக வந்தவர்கள் 1,40,000-க்கும் மேல். உலகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாம்தான். இறந்தவர்கள் சுமார் 80,000. அதே வருடம் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த பெண்கள் எத்தனை என்று தேடினேன். அதுவும் சுமார் 80,000! ஒன்றில் காரணம் பெரும்பாலும் பாக்கும் புகையிலையும். மற்றதில் வைரஸ். இரண்டு லெட்ஜரும் தனித்தனி. இரண்டையும் மூட வழி தெரியும். ஆனால் வழி வேறு வேறு.

நான் குடியிருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். காக்ஸ் டவுன் பழைய கண்டோன்மென்ட் பேட்டை. தமிழ் பேசியே காய் வாங்கலாம், தமிழிலேயே சண்டையும் போடலாம். பக்கத்தில் பானஸ்வாடி ரோட்டில் இன்று சாஃப்ட்வேர் கம்பெனி நிற்கும் இடத்தில் ரொம்ப காலம் சிகரெட் தொழிற்சாலை நடந்தது. மேம்பாலத்தை இன்னும் ஐ.டி.சி. மேம்பாலம் என்றுதான் ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு ஓனரின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு சிகரெட் பிடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். சொல்லும்போது வாயில் பாக்கு இருக்கும்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. குட்காவுக்குத் தடை. தமிழ்நாடு 2001-லேயே தடை போட்டது, 2004-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிறகு உணவுப் பாதுகாப்பு விதியைப் பிடித்துக்கொண்டு 2013-ல் தமிழ்நாடும் கர்நாடகமும் தடை செய்தன. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வாங்குகிறவன் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொள்கிறான். சட்டம் கையெழுத்தைப் பார்க்கிறது, கலக்கும் கையைப் பார்ப்பதில்லை. வாசனைப் பாக்குக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. பள்ளிக்கூடப் பையனும் வாங்கலாம். நாட்டிலேயே பாக்கு அதிகம் விளைவது நான் குடியிருக்கும் இந்தக் கர்நாடகத்தில்தான். ஷிமோகா, தென் கன்னடப் பக்கம் லட்சக்கணக்கான குடும்பத்துக்கு அதுதான் சோறு. நானே பாக்குத் தோட்டத்துக்கு விவசாயக் கடன் கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகக் கட்டுகிற நல்ல மனிதர்கள். அதனால் நாளைக்கே தடை போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் இருக்கும் எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கட்டும், பள்ளிக்கூட வாசலில் விற்காமல் இருக்கட்டும் என்று கேட்பதில் எந்த விவசாயிக்கும் நஷ்டம் இல்லை.

எனக்கு ரொம்பவும் பிடித்தது திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு வேலை. 1996-ல் ஆரம்பித்து, டாக்டர் சங்கரநாராயணன் குழு பஞ்சாயத்து பஞ்சாயத்தாக வீடு வீடாகப் போய் ஜனங்களின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தது. பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள். 2005-ல் லான்செட்டில் முடிவு வந்தது: புகையிலையோ குடியோ உள்ளவர்களில் வாய்ப் புற்றால் சாகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஒரு டார்ச், ஒரு ஜோடிக் கண். அந்தப் பத்து வாரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டிவிட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கடைசியாகத் தடுப்பூசி. எங்கள் பெண்ணுக்கு 13, பையனுக்கு 11. இவ்வளவு படித்த பிறகு எச்.பி.வி. ஊசி போடலாமா என்ற கேள்வி வீட்டில் வந்தது. என் அம்மா வேண்டாம் என்றாள். 2009-10-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிப் பெண் குழந்தைகளுக்குப் போட்டு, சில குழந்தைகள் இறந்து பெரிய அமளி ஆனது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சாவுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் தெரியவில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் பெற்றோருக்குப் பதில் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து போட்ட கதை 2013-ல் நாடாளுமன்றக் குழு அறிக்கையிலேயே சந்தி சிரித்தது. அந்த அமளியில் 2010-ல் எல்லா ஆய்வையும் நிறுத்தியபோது, இரண்டு மூன்று டோஸ் போட வேண்டிய இன்னொரு ஆய்வில் சுமார் ஐயாயிரம் பெண்கள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தால், அந்த ஒரு டோஸே 16, 18 ரகங்களின் நிரந்தரத் தொற்றை நன்றாகத் தடுத்திருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸும் போதும் என்று சொன்னதற்கு அது பெரிய ஆதாரம். அமளியில் நின்றுபோன ஆய்விலிருந்து உலகத்துக்கே ஒரு நல்லது!

பெண்ணுக்குப் போட்டுவிட்டோம். அவளுக்குப் போட்டது கருப்பை வாய்க்காக. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பையனுக்குத்தான் வீட்டில் விவாதம். "அவனுக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி. ஆஸ்திரேலியாவில் 2013-லிருந்தும் இங்கிலாந்தில் 2019-லிருந்தும் பையன்களுக்கும் போடுகிறார்கள். தலை, கழுத்துப் புற்றுக்கும் உதவும் என்று எதிர்பார்த்து 2020-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஊசி போட்டவர்கள் வாயில் அந்த வைரஸ் தங்குவது வெகுவாகக் குறைகிறது என்பது தெரிகிறது. தொண்டைப் புற்று எவ்வளவு குறையும் என்பதற்கு இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும். குழந்தை டாக்டர், "போடலாம், கட்டாயம் இல்லை" என்றார். சீரம் நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த நம் நாட்டு ஊசி, வெளிநாட்டு ஊசியைவிட விலை ரொம்பக் குறைவு. எங்கள் மெடிக்கல் ஸ்கீமில் வராது (கேட்டுப் பார்த்துவிட்டேன்). கைக்காசு போட்டுப் பையனுக்கும் போட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: இந்த ஊசி போட்டதால் நாளைக்கு நீ ஹாஸ்டலில் பாக்குப் பொட்டலம் பிரிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நம் மாமாவுக்கு வந்ததை இந்த ஊசி தடுத்திருக்காது. பையன், "அப்ப பாக்குக்கு ஊசி இல்லையாப்பா?" என்று கேட்டான்.

மச்சினன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வருவான். வகுப்பில் பேசுவதைக் குறைத்து போர்டில் எழுதுவதைக் கூட்டிவிட்டானாம். குடும்பக் குழுவில் டாக்டர் சொன்னதையெல்லாம் நான் நீளமாக எழுதிப் போட்டேன். நாலு பேர் கும்பிடு போட்டார்கள், அந்த வெளிநாட்டுப் பையன் தனியாகப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டான். மற்றவர்கள் அடுத்த நாள் காலை வணக்கம் படம் அனுப்பினார்கள்.

போன வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் போயிருந்தோம். மண்டப வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு வாசனைப் பாக்குப் பொட்டலம். மச்சினனின் பையன், எட்டு வயது, பையைக் கிளறிப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கடித்துப் பிரிக்கப் போனான். இவன் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வேண்டாம்டா" என்றான். ண் சரியாக வரவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது, தேங்காயை எடுத்துக்கொண்டு ஓடினான்.